நீதிபதி அம்மாவின் கைகள்

எங்கள் படக்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வருகிறவர்கள். மீதியில் பாதி மின்விசிறிக்காக. பழைய நீதிமன்றக் கட்டடம் இது. சுவர்கள் அத்தனை தடிமன், வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. வாசலில் ‘அனுமதி இலவசம்’ என்று வேறு எழுதிப் போட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டுமா! உள்ளே சுவரெங்கும் காலமான பெரிய மனிதர்கள் சட்டத்துக்குள் இருந்து முறைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. "தொடாதீங்க, தொடாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி, வீட்டில் தூக்கத்திலும் அதையே உளறுகிறேனாம். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டிரைவர் அண்ணன் மட்டும் படத்துக்காகவே வந்தவர். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசி அறையில் ஒரு பெண் நீதிபதியின் படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி, எடுப்பான மூக்கு, மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கைகள். வாரம் தவறாமல் வந்து அதன் எதிரே பெஞ்சில் உட்காருவார். முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். படத்துக்கு முன்னால் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு மேலே குனிந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு நாள் நேராகப் போய் நின்றேன்.

"என்ன சார், ரொம்ப நேரமா எதைத் தேடறீங்க?"

"தேடலம்மா. அது என் வீட்டுக்காரி கை."

ஆள் ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை, உட்கார வைத்துச் சொன்னார்.

அவர் மனைவி தையல்காரி. இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் வக்கீல்களுக்கு அங்கி தைக்கும் கடையில் வேலை. நீதிபதி அம்மாவின் புது அங்கியை ஓவியர் வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி கடைக்காரர் அனுப்பியிருக்கிறார். பெரிய மனிதர்கள் முகத்துக்கு மட்டும்தான் வந்து உட்காருவார்களாம். மற்றதற்கெல்லாம் வேறு யாருக்காவது அதே உடுப்பை மாட்டிவிட்டு வரைந்துகொள்வது அந்த ஓவியரின் வழக்கம். அன்றைக்கு அங்கியோடு வந்த ஆளே கிடைத்துவிட்டாள். அசையாமல் உட்காரச் சொன்னால் தையல்காரிக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டார் மனிதர். வலது சுண்டுவிரல் பிறவியிலேயே கொஞ்சம் உள்பக்கம் வளைந்தது, படத்திலும் வளைந்திருக்கிறது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனி, கத்தரிக்கோல் பிடித்துத் தடித்த கட்டைவிரல், எல்லாமே இருக்கிறது. நீதிபதி அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் தன் மூக்கைப் பார்த்திருப்பார், கையை எங்கே பார்த்திருக்கப் போகிறார்!

"என் சம்பளம் வாடகைக்கே பத்தாதும்மா. வீட்டை நிமித்தினது இந்தக் கைதான்" என்பார் அண்ணன். மனைவி காலமான பிறகுதான் இப்படித் தனியாக வர ஆரம்பித்திருக்கிறார். அதற்கு முன்னால் மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்களாம். செலவில்லாமல் போய்வர இதைவிட வேறு இடம் ஏது என்று சிரித்தார்.

ஒரு தடவை கீழே எங்கள் படக்கூடத்துக் கடையில் அந்தப் படத்தின் அஞ்சலட்டை கேட்டிருக்கிறார். அட்டையில் முகம் மட்டும்தான் இருந்தது.

"கை எங்கம்மா?"

"முகம்தானே சார் முக்கியம்?" என்றிருக்கிறாள் கடைப் பெண்.

"பஸ் டிரைவர்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஸ்டியரிங்க முகமா பிடிக்குது?" என்று சொல்லிவிட்டு, வாங்காமலே வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு பல மாதம் ஆளையே காணோம். ஒரு நாள் மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அறை வாசலில் நின்று வலது பக்கம், இடது பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்.

மகள் என்னைத் தனியாக ஒதுக்கிச் சொன்னாள்.

"அப்பாவுக்கு எல்லாமே மறந்துக்கிட்டே வருதுக்கா. என் பேர் மறந்துடுச்சு, பரவால்ல. அம்மா போட்டோவக் காட்டினா, யாரு இவங்கன்னு கேக்கறார். இந்தக் கையப் பாத்தாலாவது அம்மா ஞாபகம் வராதான்னு கூட்டிட்டு வந்தேன். இது ஒண்ணுதான்க்கா பாக்கி."

அவர் நேராகப் போய்த் தன் பழைய பெஞ்சில், பழைய இடத்தில் உட்கார்ந்தார். மகள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் அதே வளைந்த சுண்டுவிரல். கடவுளே, வந்துவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். இத்தனை காலத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இங்கயா வந்து உக்காந்துட்ட? வீடெல்லாம் தேடறேன் உன்னை."

மகள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். "அப்பா, அது நீதிபதி அம்மாப்பா. முகத்தைப் பாக்காதீங்க. கீழ பாருங்க. கையப் பாருங்கப்பா."

சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"இது அவ கை இல்லம்மா. யாரோ பாவம், ஓயாம உழைச்ச பொம்பள கை."

"நல்லாப் பாருங்கப்பா."

"பாத்துட்டேன்மா. என் பொண்டாட்டிக்கு ஏன் இந்தக் கை? அவளை நான் அப்படியா வச்சிருந்தேன்?"

அவர் குரலில் கோபம்கூட இருந்தது. மகள் தன் வலது கையை மெதுவாக மடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள். "இல்லப்பா. நல்லா வச்சிருந்தீங்க. ஒரு வேலையும் செய்ய விடல."

"அதானே" என்றார் நிம்மதியாக.

கிளம்பும்போது கயிற்றருகே நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தி, அந்த எடுப்பான மூக்குக்காரியிடம் சொன்னார்:

"வேலை முடிஞ்சதும் கடைசி பஸ்ல வந்துடு. நான்தான் எடுத்துட்டு வருவேன். நீ வர்றவரைக்கும் கிளப்ப மாட்டேன்."