கங்காணியின் இரட்டைப் பலகை

உழைக்கும் மனித குலத்தின் உண்மைக் குரலை உலகம் முதன்முதலாகக் கேட்ட இடம் திருகோணமலைத் துறைமுகம். கேட்க வைத்தவர் சென்னை தணிகாசலம். இது அவரே தன் விருது விண்ணப்பத்தில் எழுதிக் கொண்டது. உலகம் கேட்டதோ இல்லையோ, 1974 ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை அங்கே நடந்தது பொய்யில்லை. கூட நின்ற பேணாட் இன்றும் உட்துறைமுக வீதியில்தான் இருக்கிறார். போய்க் கேட்கலாம்.

துறைமுகத்துக்குள் பழைய தொழிலாளரைப் படம் பிடிக்க ஒரே ஒரு நாள் அனுமதி. மாலை ஐந்து மணியோடு சரி. கையில் நாலு சுருள் பிலிம். ஒரு நேர்காணலாவது முழுதாகக் கிடைக்காவிட்டால், பணம் போட்ட சென்னைச் சங்கத்தார் படத்தைக் கைவிட்டு விடுவார்கள். தணிகாசலம் மறுபடியும் மாம்பலத்துக் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதுதான்.

படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவதற்குத் தட்டுகிற பலகை, வரும் வழியில் தலைமன்னாரில் தொலைந்து போயிருந்தது. ஒலிப்பதிவுக்கு அமர்த்தப்பட்ட பேணாட், பழைய பட்டறைச் சுவரில் தொங்கிய இரண்டு பலகைகளைக் கழற்றி வந்தார். ஒரு முனையில் தோல் வார் போட்டு இணைத்தவை.

“கையைத் தட்டினாலும் காணும், சேர்.”

“இது பாட்டுக் கச்சேரி இல்ல மிஸ்டர் பேணாட். ஆவணம்.”

9.20. பட்டறைக்குள் ஒரு கதிரையில் அபூதாஹிர் இருந்தார். முன்பு கப்பல்களுக்குத் துரு சுரண்டியவர்.

டப்.

பத்து வினாடி ஒன்றுமில்லை. பிறகு அபூதாஹிர் எழுந்தார். தலை குனிந்தது.

“பதினொண்டு.”

“உட்காருங்க. நான் நம்பர் கேக்கல. சுரண்டலை உளவியல் ரீதியா எப்படி உணர்ந்தீங்க?”

அபூதாஹிர் இருந்தார். தணிகாசலத்தின் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான்.

“அவர் நிக்கக்குள்ள நான் எப்பிடிக் கதைக்கிற.”

அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. ஒரு சுருள் போயிற்று.

11.05. முத்தலிப். டப். இம்முறை காத்திருந்தது கொஞ்சம் கூட. பிறகு எழுந்து, “பதினாலு.” மத்தியானத்துக்குப் பிறகும் அவரையே இருத்திப் பார்த்தார்கள். அதே இடைவெளி. அதே பதினாலு. இன்னும் இரண்டு சுருள் காலி.

தணிகாசலத்துக்கு நரம்பு புடைத்தது. “சுதந்திரம் வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. யாருக்குய்யா எழுந்து நிக்கிறீங்க?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

4.35. கடைசிச் சுருள். கடைசி ஆள் ஸெய்னுதீன். கதிரையில் இருக்குமுன் பலகையைக் கண்டு நின்று விட்டார்.

“இது எங்கட கங்காணியாருட பலகை. ஆர் எடுத்த?”

“நான்தான் நாநா,” என்றார் பேணாட்.

“அதத் தட்டாட்டிக் கதைக்கிறன்.”

பேட்டி முடிந்த பிறகும் தட்டலாம், தொழிலில் அதற்கு இடமுண்டு. தணிகாசலம் சம்மதித்தார். கமரா ஓடியது. ஸெய்னுதீன் கதைத்தார்.

“காலையில இதத் தட்டுவார். பதினெட்டுப் பேரும் வரிசையா நம்பர் சொல்லணும். ஒண்டு குறைஞ்சாத் திரும்ப முதல்ல இருந்து. யுத்த காலத்தில பிளேன் வந்த அண்டைக்கும் கேற்றப் பூட்டிப் போட்டுத் தட்டினார். ஏழாம் நம்பர் வரல்ல. திரும்பத் திரும்பத் தட்டினார்... குண்டு விழுந்திச்சு. நாங்க மூணு பேர்தான் மிச்சம்.”

தணிகாசலத்தின் கண் கலங்கியது. படம் கிடைத்து விட்டது.

4.45. பிலிம் முடியப் போகிறது.

“வேணாம் சேர். கையைத் தட்டுவம்,” என்றார் பேணாட்.

“மூடநம்பிக்கைக்கெல்லாம் என் படத்துல இடமில்ல.”

பலகையைப் பறித்தார். கமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

டப்.

கடல் சத்தம் இல்லை. காகம் இல்லை.

ஸெய்னுதீன் எழுந்து நின்றார். காத்திருந்தார். நெடுநேரம்...

“பதினெட்டு.”

பேணாட் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். பிலிம் முடிந்து, கமரா டக் டக் டக் என்றது.

அவ்வளவுதான். ஐந்து மணிக்கு வெளியே வந்து விட்டார்கள். தணிகாசலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டியது ஞாபகம் இருந்தது. வெளியே நின்றது ஞாபகம் இருந்தது. நடுவில்தான் கொஞ்சம் இல்லை.

மூன்று மாதம் கழித்து, சென்னையில், சங்கத்தார் ஆறு பேரோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். டப் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் குரல்கள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். பதினெட்டு வரை ஒன்றும் குறையவில்லை.

ஏழாவது குரல் தணிகாசலத்தினுடையது.

“ஏழு. வந்தனான் ஐயா.”

படம் ஏற்கப்பட்டது. கடைசிப் பகுதியை வெட்டக் கூடாது என்று சங்கத்தார் நிபந்தனை போட்டார்கள். அதில் தணிகாசலம் தலை குனிந்து நிற்கிறார். சப்பாத்து இரண்டையும் கழற்றி, ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.