எழுதித் தராத இரண்டு புள்ளி

பதினொன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள். தேடுபொறியில் எதையும் தேடித் தருவதால் 'தேடியக்கா' என்று பெயர் வாங்கியவருக்குத் தெரிந்த குறுக்குவழிகள் அத்தனை. ஒன்றுகூட எந்த உதவிப் பக்கத்திலும் கிடையாது. தட்டித் தட்டி அவரே கண்டுபிடித்தவை. பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் வழக்குப் பிரிவில் பழைய காகிதம் எதுவானாலும் தோண்டி எடுப்பவர் அவர்தான். தட்டும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொள்வார். கல்யாண நகையைக்கூட யாரும் அப்படிப் பொத்தி வைக்க மாட்டார்கள்.

பதினொன்றில் ராஜா, இரண்டு புள்ளி. இரண்டு வருடங்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால், அந்த இடைவெளியில் வந்தவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஓட்டுநர். மறுநாள் காலை விசாரணை. பிரேக் பிடிக்காமல் போனது அவர் குற்றமல்ல என்று காட்டியாக வேண்டும். அந்த வகை பிரேக்கில் பழுது உண்டு என்று அதைத் தயாரித்த கம்பெனியே ஒத்துக்கொண்டு வெளியிட்ட பழைய அறிவிப்பு கிடைத்தால் வேலை திரும்பும். இல்லையென்றால் இல்லை.

"ரெண்டே நிமிஷம், தம்பி" என்றார் அக்கா. புள்ளி வைத்தார். சைக்கிள் பிரேக் விளம்பரம் வந்தது. மறுபடி வைத்தார். குழந்தை வண்டி வந்தது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார்; ஊதினார்; வேறு கீபோர்டு மாற்றினார். கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"நான் தொடவே இல்லக்கா. தேடுபொறிக்காரங்களே அந்த வழிய எடுத்துட்டாங்க போல."

"சொல்லாம கொள்ளாமயா? ஒரு நோட்டீஸ்கூட இல்லாம?"

ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதீங்கக்கா. எழுத்துல வாங்காத சலுகை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்னு டிப்போ வாசல் கேட் மீட்டிங்ல தொண்டை கிழியக் கத்தினது நீங்கதான?"

அக்கா போனை வைத்துவிட்டு ஓட்டுநரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வாய்க்கே உன்ன டிஸ்மிஸ் பண்ணியிருப்பாங்க. நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போடு."

குறுக்குவழி போனால் நேர்வழி. தேடலில் வந்த முடிவுகளை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் தேதியை உரக்கப் படிக்க, அக்கா திறந்து பார்த்து மூடினார். நடுவில் ஓட்டுநர், "அடுத்த ஸ்டாப் எப்பக்கா?" என்று கேட்டு ஒரு முறைப்பு வாங்கினார். மறுநாள் வாதாட வேண்டிய சங்க வழக்கறிஞர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் வந்தபோது அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பு, தேதி, பிரேக்கின் வகை, எல்லாம் சரி.

கிடைத்த பக்கம்: முப்பத்தேழு. மிச்சமுள்ள குறுக்குவழிகள்: பத்து.