கன்னடத்தில் போட்ட சண்டை

எங்கள் கம்பெனியின் ஒரு பிரிவு அத்திப்பள்ளிக்கு அப்பால், கர்நாடக எல்லைக்குள் போகப்போகிறது என்று பேச்சு வந்ததும், ஓசூரில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்தவர்கள் கன்னடம் கற்கத் தொடங்கினோம். ஞாயிறு மாலை மொட்டைமாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் என்னோடு அசெம்பிளியில் வேலை பார்க்கும் கெலமங்கலத்துப் பெண். அவள் வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, எங்களோடு தமிழ். வகுப்பில் தமிழ் பேசிவிட்டவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அவளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு.

ஒரு ஞாயிறு நானும் என் கணவரும் பேசாமலே படியேறினோம். பொங்கலுக்கு அவருடைய பட்டுக்கோட்டையா, என்னுடைய அருப்புக்கோட்டையா என்று காலையிலிருந்தே சண்டை. இது அவளுக்கு எப்படித் தெரியும்?

"இன்னைக்கு கேள்வி பதில். அக்கா, நீங்களும் அண்ணாவும் பேசுங்க" என்று எங்களையே எழுப்பிவிட்டாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹப்பக்கே நம்ம ஊரு" என்றார். பண்டிகைக்கு எங்கள் ஊர்.

"பேடா" என்றேன். வேண்டாம்.

"ஏக்கே?" ஏன்?

அதற்குத் தமிழில் என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. கன்னடத்தில் தேடினால் காய்கறிப் பெயர்களும் பஸ் விசாரிப்பும்தான் வந்தன. கடைசியில் ஒன்று அகப்பட்டது. "அத்தெ... மாத்து ஜாஸ்தி." மாமியாருக்குப் பேச்சு அதிகம்.

மாடியே சிரித்தது. "சூப்பர்க்கா, தப்பே இல்ல!" என்று கைதட்டினாள் கெலமங்கலத்துக்காரி.

அவர் பொறுக்க முடியாமல், "எங்கம்மா அப்படி என்னடி பேசிப்புட்டாங்க ஒன்ன?" என்று கத்தினார்.

"டீ! டீ!" என்று எல்லாரும் கூவினார்கள்.

விறுவிறுவென்று இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு அப்படியே வெளியே கிளம்பிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். வந்தார், இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு. முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, பால் கொதிக்கும்வரை யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"ஈ சல நிம்ம ஊரு." இந்தத் தடவை உங்கள் ஊர்.

"நெசமாத்தானா?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த வாரத்து டீ என் தலையில் விழுந்தது.

பொங்கலுக்கு அருப்புக்கோட்டை போனோம். மாட்டுப்பொங்கலன்று நானே அவரைக் கிளப்பிப் பட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். மாமியார் பேசிக்கொண்டே இருந்தார். இந்த முறை எனக்கு அது அவ்வளவு உறைக்கவில்லை.

வகுப்பு இன்னும் நடக்கிறது. சேலத்துப் பக்கமிருந்து புதிதாக ஒரு தம்பதி சேர்ந்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்.