வெட்டாதது என்றொரு ஃபோல்டர்

போன வாரம் மேசை இழுப்பறையில் பேனா தேடியபோது கையில் ஒரு ரப்பர் அகப்பட்டது. பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். ஒரு முனை மட்டும் கறுத்துத் தேய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நியாயப்படி பள்ளிக்கூடத்து வாசம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடியின் வாசம். சூடேறிய தூசி, ஈயம் பற்றவைக்கிற புகை, கீழே டீக்கடையில் வடை வேகிற எண்ணெய், இவற்றோடு இந்த ரப்பர்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், அந்த நாளில் கம்ப்யூட்டர் ரிப்பேரில் முதல் வைத்தியமே ரப்பர்தான். டிப்ளமோ முடித்த கையோடு அந்த மாடியில் செல்வமணி அண்ணனின் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கொண்டுவந்தால், உள்ளே ராம் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும், அதைக் கழற்றி அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் நாலு தேய் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பச் சொருக வேண்டும். பாதிக்கு மேல் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் கஸ்டமர் கண்ணில் படாமல் செய்ய வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. பார்த்துவிட்டால் மரியாதை போய்விடுமாம். அதனால் ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், பெரிய ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

கறம்பக்குடி, கீரனூர், இன்னும் எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் சிபியூவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் மானிட்டரை மட்டும் சுமந்துகொண்டு வந்தார். படமெல்லாம் இதில்தானே தெரிகிறது, அந்தப் பெட்டி எதற்கு என்று விட்டுவிட்டாராம். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

ரப்பருக்கு மசியாவிட்டால் அடுத்தது ஃபார்மட். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "டி-யில வச்சிருக்கீங்களா?" ஹார்டு டிஸ்க்கை சி, டி என்று இரண்டு அறையாகத் தடுத்திருப்போம். ஃபார்மட் அடித்தால் சி காலியாகும், டி தப்பிக்கும். டெஸ்க்டாப்பில், அதாவது திரையைப் போட்டதும் கண்ணெதிரே, வைத்திருப்பதெல்லாம் சி-யில்தான் இருக்கும். இதை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. கேள்வி புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். தலையாட்டியதும் நான் ஃபார்மட் அடித்துவிடுவேன்.

அப்படித் தலையாட்டிய ஒருவர் கறம்பக்குடிப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் அஞ்சு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். வேலை முடிந்து திரையைப் போட்டுக் காட்டினேன். பச்சைப் புல்லும் நீல வானமுமாகப் பளிச்சென்று வந்தது. அவர் குனிந்து பார்த்தார், பிறகு பாப்பா படமெல்லாம் எங்கே என்று கேட்டார். அவர் ஊரில் இல்லாதபோது பிறந்த மகளாம். மனைவி மெயிலில் அனுப்பிய படங்களை, வெளிநாட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த இந்தப் பெட்டியில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்திருக்கிறார். அந்த மெயிலின் பாஸ்வேர்டு மறந்துபோய் வெகு நாளாகியிருந்தது.

"மேலயேதானே தம்பி வச்சிருந்தேன்."

"மேல வச்சா போயிரும்ணே. டி-யில வச்சிருக்கணும்."

"அவ தவழ்ந்தது, நடந்ததெல்லாம் நான் பாத்ததே இதுலதான்."

நான் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினேன். அவர்தான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். ஃபார்மட் அடித்ததைத் திரும்ப எடுக்க வழியுண்டு என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் மெனக்கெட்டிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான். அவர் போனதும் கீழே இறங்கி இரண்டு வடை தின்றேன். நன்றாகத்தான் இருந்தன.

அப்புறம் அந்த வேலையை விட்டு ஒரு காலேஜ் லேபில் சேர்ந்தேன். கல்யாணமாகிக் கீரனூரில் குடியேறினோம். என் மனைவி மலர் ஆரம்பப் பள்ளி டீச்சர், மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு நானே பாகம் பாகமாக வாங்கிவந்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினேன். ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் உபதேசம் சொன்னவன் ஆயிற்றே, அவளுக்கும் முதல் நாளே சொன்னேன், டெஸ்க்டாப்பில் வைக்காதே, டி-யில் வை. கண்ணெதிரே இருந்தால்தான் மறக்காமல் இருக்கும் என்று அவள் டெஸ்க்டாப்பை நிரப்பினாள். 'புதுசு', 'புதுசு 2', 'இதுதான் சரி' என்று ஃபோல்டருக்குப் பேர் வைப்பாள்.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள் இல்லையா, அப்போது மலர் பாடத்தைப் பேசிப் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்ப ஆரம்பித்தாள். அவளுடைய செல்போன் மைக் கரகரத்ததால் கம்ப்யூட்டரில் மைக் மாட்டிக் கொடுத்தேன். மதியம் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். தெரு எங்கே அடங்கியது? மீன் வண்டி ஹாரன் வரும், எதிர்வீட்டுக் குக்கர் கூவும். பேசிக்கொண்டே இருப்பவள் நடுவில் என்னைக் கூப்பிடுவாள். "ஏங்க, அந்த மீன்காரரக் கொஞ்சம் அங்கிட்டுப் போகச் சொல்லுங்க." "ஏங்க, ஃபேன ஆஃப் பண்ணுங்க, காத்து மைக்குல அடிக்குது." சொல்லிவிட்டு, அதே மூச்சில் டீச்சர் குரலுக்கு மாறி, எங்க பிள்ளைகளா விட்டோம் என்று தொடருவாள். ஒருமுறை தூயவன் என்கிற சொல்லில் மூன்று தடவை இடறி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதுவும் பதிவானது.

இதையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கித் தருவது என் வேலை. வேலையை நான் எப்போதும் ஒழுங்காகச் செய்பவன். மீன் வண்டியை வெட்டினேன், குக்கரை வெட்டினேன், சிரிப்பை வெட்டினேன், ஏங்க என்பதை ஒன்றுவிடாமல் வெட்டினேன். ஒட்டு தெரியாது. தலைமையாசிரியர்கூட ஸ்டுடியோவில் பதிந்தது மாதிரி இருக்கிறதென்று பாராட்டினாராம். வெட்டியதும் மூலத்தை அழித்துவிடலாம் என்றேன். இருக்கட்டும்ங்க, கெடந்துட்டுப் போகுது என்று 'வெட்டாதது' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாள். அதுவும் டெஸ்க்டாப்பில்தான்.

போன வருஷத்துக்கு முந்தைய ஆவணியில் மலர் போய்விட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருஷத்தில் ஒரு நாள் குளியல் உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மலர் அதை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, பெட்டிக்கு மூன்று கோடு சந்தனமும் குங்குமமும் வைப்பாள். குங்குமம் உள்ளே உதிர்ந்தால் மெஷினுக்கு ஆகாது என்று நான் கத்துவேன். வருஷம் பூரா ஒழைக்குதுல்ல என்பாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அந்த வருஷம் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் இல்லை, துடைப்பும் இல்லை. மூடின துணியை யாரும் எடுக்கவில்லை. யாரும் என்ன யாரும், நான்தான் எடுக்கவில்லை. 'வெட்டாதது' உள்ளே இருக்கிறது என்பது தெரியும். அந்தக் குரலைக் கேட்கத் தெம்பில்லை. எங்கே போய்விடப்போகிறது, வருஷம் திரும்பட்டும், அப்புறம் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த நினைப்பில்தான் அந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் திதி கொடுத்து முடித்த மறுநாள் காலையில் துணியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்கிற வரி. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது.

டிஸ்க் சாகிறது என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம், எனக்குத் தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப்போய் இந்த ரப்பரை வாங்கிவந்து ராமைத் தேய்த்தேன். ஒயரை மாற்றினேன். மறுபடி ஆன், மறுபடி ஆஃப். இரண்டு நாள் வேறு வேலையே இல்லை. கடையில் இருந்தபோது, அடம்பிடிக்கிற டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பக்கத்து ரோஸ்மில்க் கடை ஃபிரீசரில் வைத்து எடுப்போம். அபூர்வமாகப் பத்து நிமிஷம் உயிர் வரும். அதையும் விடவில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் மேலே டிஸ்க்கும் கீழே தோசைமாவுமாக ஒரு நாள் முழுக்க இருந்தன. எடுத்து மாட்டியதும் முன்னைவிடச் சத்தமாக டிக், டிக். முன்னாள் மெக்கானிக்கான நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

திருச்சியில் இதற்கென்றே ஒரு லேப் இருப்பதாகக் காலேஜில் சொன்னார்கள். டிஸ்க்கை மலரின் பூத்துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்தேன். அந்தக் கறம்பக்குடிக்காரர் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அவரும் இப்படித்தானே பிடித்துக்கொண்டு வந்திருப்பார்.

லேபில் இருந்த பெண்ணுக்கு என் காலேஜ் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எத்தனை தடவை ஆன் செய்தீர்கள் என்று கேட்டாள். எண்ணவில்லை என்றேன். ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

"உள்ள சுத்துற தட்டு பூரா கீறிப்போச்சு சார். மொத தடவ சத்தம் கேட்டப்பவே நிறுத்தியிருந்தீங்கன்னா ஏதாச்சும் எடுத்திருக்கலாம்."

டி-யில் வைத்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். சி-க்கும் டி-க்கும் தட்டு ஒன்றுதான், டி-யில் வைத்திருந்தாலும் போயிருக்கும். இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் நாங்கள் சொன்னதில்லை, எனக்கு நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் எதிர்முனையில் காத்திருந்தாள். பரவாயில்லம்மா என்றேன்.

அனுப்பிய பாடங்களை மலர் தன் போனில் இடம் போதாமல் அப்போதே அழித்திருந்தாள். பிறகு அவளிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். அநேகம் பேர் போன் மாற்றிவிட்டார்கள், வாட்ஸாப்பை அழித்துவிட்டார்கள். ஒரே ஒரு தாய் மட்டும், பாப்பா அழிக்க விடவே இல்லைங்க என்று ஒரு பாடத்தை அனுப்பினார். கழித்தல் கணக்கு. ஏழு நிமிஷம்.

அவ்வளவுதான் மிஞ்சியது. போன மாதம் புதுக்கோட்டைக்குப் போனபோது அந்த மாடியைத் தேடினேன், செல்போன் கவர் விற்கிற கடையாகியிருந்தது. செல்வமணி அண்ணன் எங்கிருக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கறம்பக்குடிக்காரரின் மகளுக்கு இப்போது கல்யாண வயதாகியிருக்கும். அவள் தவழ்ந்த படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இருக்காது.

அந்த ஏழு நிமிஷத்தைத் தினமும் கேட்கிறேன். பத்து ஆட்டுக்குட்டியில் நான்கு மேயப் போய்விட்டது, பட்டியில் மீதி எத்தனை என்று மலர் கேட்கிறாள். பிள்ளைகள் விடை சொல்வதற்காகக் கொஞ்சம் பொறுக்கிறாள், பிறகு ஆறு என்கிறாள். குரல் சுத்தமாக இருக்கிறது, ஒட்டு தெரியவில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால்தான் ஒன்று புலப்படுகிறது. கேள்வி கேட்கும்போது பின்னால் மெலிதாக ஃபேன் ஓடுகிற இரைச்சல் இருக்கிறது. ஆறு என்று சொல்லும்போது அது இல்லை. நடுவில் நான் போய் ஃபேனை நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தச் சொன்ன குரலைத்தான் காணோம்.