குளோரினா, உப்பா, செம்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலை ஊரான திரிங்காப்பில் என் அக்கா வீட்டுக் கொல்லையில் மூன்று ஆண்கள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். குழாயில் கொஞ்சம் தண்ணீர். அதில் இரண்டு சொட்டு மருந்து. தண்ணீர் இளமஞ்சளா, நல்ல மஞ்சளா என்று வாக்குவாதம்...

மூவரும் பேரப்பிள்ளை எடுக்கிற வயதுக்காரர்கள். சத்தம் சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். என் மச்சான் ரத்தினம் — அக்கா சரோஜாவின் வீட்டுக்காரர் — சுவிமிங் பூல் வாங்கிவிட்டார். குழி தோண்டிச் சிமெண்டில் கட்டுகிற பூல் இல்லை. தரைமேல் நிற்கிற பூல். வட்டமாக ஒரு தகரச் சுவர், உள்ளே நீல பிளாஸ்டிக் விரிப்பு, நெஞ்சளவு உயரம், ஏறி இறங்க ஒரு ஏணி. எல்லாம் பெட்டியில் வருகிறது. நாமே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஊரே வீடியோ டெக் வாங்குகிற காலத்தில் இவருக்கு மட்டும் ஏன் இப்படி ஓர் ஆசை? அதுவும் இந்தக் குளிரில்? இங்கே காலையில் முகம் கழுவவே இரண்டு தடவை யோசிக்கிறோம்.

ஆசை இல்லை. அக்காவின் முட்டி.

அக்கா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கூடையோடு சரிவில் ஏறி இறங்கியே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இப்போதெல்லாம் கோயிலுக்குப் போனால் படிக்குக் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாள். கேட்டால், கூட்டமாக இருந்தது என்பாள். தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் தினமும் நடக்கச் சொன்னார். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் முட்டிக்குத் தெரியாதாம். நடந்தால் நடமாட்டம் இருக்கும். இல்லையென்றால் சீக்கிரமே நாற்காலிதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

மச்சான் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் முன்பு தோட்டத்து லோரி டிரைவர். இப்போது சொந்தமாகக் காய்கறி லோரி ஓட்டுகிறார். லோரியைப் பின்னால் எடுத்து மேட்டோடு ஒட்டி நிறுத்துவதில் இந்தப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. லோரித் தட்டும் மேடும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். முட்டைக்கோஸ் கூடையை யாரும் தூக்கவே வேண்டாம். இழுத்து உள்ளே தள்ளினால் போதும். ஈப்போவுக்குக் கோஸ் ஏற்றிப்போகிற லோரி வெறுமனே திரும்பி வந்தால் மனிதருக்கு ஆகாது. அப்படி ஒரு நாள் திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வந்ததுதான் இந்தப் பூல். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாளாம்.

குளிருக்கும் அவரே வழி கண்டுபிடித்தார். கறுப்புக் குழாயைத் தகரக் கூரைமேல் சுற்றிச் சுற்றிப் போட்டு, பூல் தண்ணீரை அதன் வழியாக ஓடவிட்டார். வெயில் ஏறினால் தண்ணீர் வெதுவெதுப்பாக இறங்குகிறது. மூளைக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பிரச்சினை அடுத்த கட்டத்தில் வந்தது. தேங்கி நிற்கிற தண்ணீர் பாசி பிடிக்கும். கொசு முட்டையிடும். அதைச் சுத்தமாக வைத்திருக்க என்ன போடுவது?

இங்கேதான் நாங்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தோம்.

மச்சான் உப்புக் கட்சி. பூல் விற்ற ஈப்போ கடை முதலாளி, அந்தத் தவுக்கே, ஒரு மெஷினைக் காட்டியிருக்கிறார். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் போதும், மெஷின் கரண்டில் ஓடி அந்த உப்பிலிருந்தே மருந்தைத் தயார் பண்ணிக்கொள்ளுமாம். கண் எரியாது, நாற்றம் இல்லை.

நான் செம்புக் கட்சி. ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தேன் — செம்புத் தகட்டைத் தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்சம் மின்சாரம் விட்டால் பாசி செத்துப்போகும். செம்புக் குடத்தில் தண்ணீர் குடித்த பரம்பரை நாம் என்று ஒரு பிரசங்கத்தை ஆரம்பித்தேன். மச்சான் கொட்டாவி விட்டார். உங்களுக்கும் வந்திருக்கும்.

மூன்றாமவர் மணியம். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். லயத்து வீடுகளுக்குப் போகிற தண்ணீர்த் தொட்டியில் காலமெல்லாம் குளோரின் தூளைக் கலந்தவர். அவரிடம் தலைவலி என்று சொன்னாலும் குளோரின்தான் எடுத்துக் கொடுப்பார் போலிருக்கிறது.

ஞாயிறு தவறாமல் சண்டை. செம்பு கூடினால் நரைத்த முடி பச்சையாகும் என்று மணியம் என்னை மடக்கினார். அக்காவுக்குத் தலை முழுக்க நரை. செம்புக் கட்சி அன்றே கலைந்தது. பிறகு அவர் மச்சான் பக்கம் திரும்பி, கீழே இருந்த கோஸ் பாத்திகளைக் கையால் காட்டினார்.

“ரத்தினம், இது மழ ஊரு. நாளைக்கே பூலு ரொம்பி வழியும். வழிஞ்சா எங்க போவும்? ஒன் கோசு மேலதான். குளோரின்னா நாலு நாளு வெயில்ல விட்டா போயிரும். உப்பு போகாது லா. மண்ணுலயே தங்கிரும்.”

மலையில் வாழ்கிறவனுக்கு இது புரியாமல் போகுமா? நாம் கொட்டுவது எதுவானாலும் கீழே இருக்கிறவன் தலையில்தான் இறங்கும். கீழே இருப்பது தன் சொந்தப் பயிராக இருந்தால் இன்னும் வேகமாகப் புரிகிறது. மச்சான் உப்பைக் கைவிட்டார். குளோரின் ஜெயித்தது.

இத்தனை வாரமும் அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள்? தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நின்று கேட்டாள். ஒரு நாள் மட்டும், எல்லாம் சரி, ஒன்று கேட்கணும் என்று ஆரம்பித்தாள். இது டெக்னிக்கல் விஷயம், கொஞ்சம் இரு என்றார் மச்சான். நானும் தலையாட்டினேன். அவள் காலிக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணியம் தன் கையாலேயே குளோரினைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் போய்ப் பார்த்தால் பூல் முழுக்கப் பழுப்பு. எங்கள் மலை ஊற்றில் இரும்பு கலந்திருக்கிறதாம். குளோரின் பட்டதும் துருவாகி வெளியே வருமாம். மூன்று கட்சித் தலைவர்களும் சுற்றி நின்று பார்த்தோம். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“சாயம் நல்லா வடிஞ்சிருக்கு. பால் ஊத்தட்டுமா?” என்றாள்.

பில்டரை ஓடவிட்டு, கழுவி, மறுபடி ஓடவிட்டுத் தண்ணீர் ஒருவழியாகத் தெளிந்தது. அதற்குப் பிறகுதான், குளோரின் அளவை நிறத்தில் காட்டுகிற அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சண்டை. மஞ்சள் சரியான மஞ்சள்தான் என்று மூவரும் கையெழுத்துப் போடாத குறையாக ஒத்துக்கொண்டோம். மச்சான் புது லோரிக்குச் செய்வதுபோல் பூலுக்குச் சூடம் காட்டினார். எலுமிச்சம்பழம் வைத்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா மச்சானின் முழுக்கைச் சட்டையும் கைலியுமாக வந்தாள். கொழுந்து எடுக்கப் போகும்போது போடுகிற அதே உடுப்பு. ஏணிக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். உடம்பை மேலே உந்தினாள். முகம் சுருங்கியது. காலை இறக்கிவிட்டாள்.

இன்னொரு கால். அதுவும் முடியவில்லை.

கோயில் படியே ஏற முடியாதவளுக்கு நெஞ்சளவு உயரத்துக்கு ஏணி! ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப ஏறி, இந்தப் பக்கம் இறங்கி... தினமும். தண்ணீரில் என்ன போடுவது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட எங்களில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. அன்றைக்கு அவள் கேட்க வந்தது இதைத்தான். நாங்கள்தான் டெக்னிக்கலாக இருந்தோமே.

மணியம் மெல்லக் கண்ணாடிக் குழாயைப் பைக்குள் வைத்தார். அக்கா கோபப்படவில்லை. மச்சானைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏங்க, கோசுக் கூடைய ஏத்துறதுக்கு லோரிய மேட்டோட ஒட்டி நிப்பாட்டுறீங்க. கூடைக்கே வலிக்காம பாக்குறீங்க. எனக்கு மட்டும் ஏணியா?”

மச்சான் பூலைப் பார்த்தார். கொல்லைக்குப் பின்னால் நெஞ்சளவுக்கு எழும்பி நிற்கிற மேட்டைப் பார்த்தார். அந்த மேட்டுக்கு வீட்டுப் பக்கவாட்டிலிருந்து கூடைகளை உருட்டிப்போக ஏற்கெனவே மெதுவான சரிவுப் பாதை ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்தார்.

“மாப்ள,” என்றார் என்னிடம், “தண்ணிய தொறந்து விடணும்.”

நாலைந்து நாள் குளோரின் வெயிலில் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு திறந்தார். அத்தனையும் கோஸ் பாத்தி வழியாகத்தான் இறங்கியது. ஓர் இலை வாடவில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எங்கள் சண்டை உபயோகப்பட்டது என்று எழுதிவைக்கிறேன். உப்போ செம்போ போட்டிருந்தால் திறந்திருக்கவே முடியாது. மணியம் இதை இந்நேரம் பிரிஞ்சாங் வரைக்கும் சொல்லி முடித்திருப்பார்.

பூலைக் கழற்றி மேட்டோடு ஒட்டிப் பூட்டினோம். மேட்டிலிருந்து பலகை போட்டோம். உள்ளே, பலகை முடிகிற இடத்திலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக இறங்கிப்போக ஒரு மரப்பாதை, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மறுபடி தண்ணீர், மறுபடி குளோரின், மறுபடி தேயிலைச் சாயம். இந்த முறை யாரும் பதறவில்லை.

நேற்று அக்கா இறங்கினாள். சரிவில் மெதுவாக ஏறி, பலகையில் நடந்து, கம்பியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் போனாள். நெஞ்சளவு வந்ததும் கம்பியை விட்டாள். நடந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கையை வீசி நடந்தாள். அவள் அப்படி நடந்து பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயிலாம்.

ஆண்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அதை மெஷினிலும் மருந்திலும் காட்டுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் ஏனோ கஷ்டமாக இருக்கிறது.

மச்சானுக்கு இன்னும் ஆசை விடவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது, கண் எரிகிறதா, குளோரின் வாசம் அடிக்கிறதா என்று மேட்டில் நின்று விசாரித்தார். அக்கா நடையை நிறுத்தவில்லை.

“தண்ணிய யாரு பாத்தா? வலிக்கல.”

அந்த ஏணியைக் கேட்கிறீர்களா? கோழிக் கூண்டில் சாத்தி வைத்திருக்கிறார் — கோழிகளுக்கு முட்டிவலி இல்லை.