வைரத்தின் ரத்தம் தெளிந்த குப்பி

கண்ணாடிக்காரரை எல்லாரும் வைரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறுக்கிற வைரமுனையை முப்பத்தைந்து வருஷமாகக் காதில் செருகித் திரிந்தவர். விரலில் கீறல் படாத நாளே கிடையாது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுப்பதற்குள் ரத்தம் நின்றுவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நெஞ்சு வலித்து ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்த பிறகு, வீட்டுக்காரி தினமும் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள். அதற்கப்புறம் சின்னக் கீறல்கூட அரைமணி ஒழுகியது. வைரம் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டம் அடிக்கிற நாளில் மாத்திரை வயிற்றுக்கு. கண்ணாடி அறுக்கிற நாளில் சட்டைப் பைக்கு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரத்தம் நிற்காததை வீட்டுக்காரிதான் டாக்டரிடம் சொன்னாள். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்ப்பவள் வைரத்தின் பெரியம்மா மகள் பெற்ற பெண்.

"இதுல என்ன பாப்பா பாப்பீங்க?"

"உங்க தட்டணுக்களுக்குச் சேதி கேக்குதான்னு பாப்போம், மாமா."

"அவருக்கே கேக்காது," என்றாள் வீட்டுக்காரி.

பெண் சிரித்தாள். "குழாய் கிழிஞ்சா, ரத்தத்துல முதல்ல வர்ற தட்டணு அங்க ஒட்டிக்கும். ஒட்டுனதும் தன்கிட்ட இருக்கிற ரசாயனத்தைக் கொட்டும். அது பட்டதும் பக்கத்துல போறதெல்லாம் உருவம் மாறி, கைகால் நீட்டி, அதுங்களும் கொட்டும். அப்படியே கூட்டமா சேந்து அடைச்சிடும். இந்த மாத்திரை அந்தச் சேதி போற கதவுல ஒண்ணைச் சாத்திடும்."

"அப்ப கம்பிவலை?"

"அதுவும் அதுங்களுக்குக் காயம் மாதிரிதான். அங்க கூட்டம் சேந்தா குழாயே அடைச்சுக்கும்."

இரண்டு குப்பிகள். ஒன்றில், ஒத்துப் பார்க்க அந்தப் பெண் தன் ரத்தத்திலிருந்தே பிரித்த மஞ்சள் நீர், இன்னொன்றில் வைரத்துடையது. இரண்டும் கலங்கல். ரசாயனத்தைச் சொட்டினாள். அவளுடையதில் தட்டணுக்கள் துளித்துளியாகத் திரி கட்டி ஒதுங்க, பனிக்கண்ணாடி வெறுங்கண்ணாடி ஆனதுபோல் வெளிச்சம் ஊடுருவியது. வைரம் குனிந்து தன் குப்பியைப் பார்த்தார். அதுவும் பாதி தெளிந்தது. தெளிவைப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னோடது தெளியக் கூடாது இல்லையா?"

"ஆமா மாமா. சிலருக்கு மாத்திரை உடம்புல பிடிக்காது. டாக்டர் இதைவிட வேகமான மருந்துக்கு மாத்துவார்."

வேகமான மருந்தென்றால் கீறல் எப்போது நிற்கும்? பக்கத்தில் வீட்டுக்காரி. வைரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பிடிக்காம இல்ல. அறுக்கிற நாள்ல போடறதில்ல."

"பையில போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. "பைக்கா நெஞ்சு வலிச்சுது?"

"ஒரு நாள் விட்டா அன்னிக்கு ரத்தம் சட்டுனு நிக்கும்னு…"

"நிக்காது மாமா. மாத்திரை பட்ட தட்டணு சாகிற வரைக்கும், ஒரு வாரம் பத்து நாள், அப்படியேதான் இருக்கும். நீங்க விடற நாள்ல புதுசா பொறக்கிறது மட்டும் தப்பிச்சுக்கும். கீறலும் சரியா அடைபடல, கம்பிவலைக்கும் காவல் இல்ல."

டாக்டர் மருந்தை மாற்றவில்லை. அதையே ஒரு நாள் விடாமல் போடச் சொன்னார். அன்றோடு வைரமுனை வீட்டுக்காரி கைக்குப் போயிற்று. அளவெடுப்பதும் சட்டம் அடிப்பதும் மட்டும் அவருக்கு. இரண்டாம் வாரமே அவள் விரலில் கீறல். வைரம் அந்த விரலைப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரத்தம் நிற்கிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தார்.

"கூடிட்டாங்க," என்றார்.

"விரலை விடுங்க. வேலை கெடக்கு."