இருநூற்றுப் பதின்மூன்றாவது புத்தகம்

எங்கள் சபையில் அவரை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டியவர். ஓய்வு பெற்ற அடுத்த சனிக்கிழமையே எங்கள் புத்தக அறைக்கு வந்துவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைப் புத்தகங்கள் சேர்த்து அனுப்பும் அறை அது. பதிவேடு என் பொறுப்பு. கொடுத்தவர் பெயரை மறைத்து முதல் பக்கத்தில் வெள்ளை லேபிள் ஒட்டுவது அவர் பொறுப்பு. பெறுகிற பிள்ளை அதில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். ஏழு ஆண்டுகளில் 4,316 லேபிள்கள். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

அக்காவுக்கு ஒரே மகன். தாய்க்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டான். "இனி இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். அவன் ஏறவில்லை. கடல் தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறான், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை என்று உறவினர் வாயிலாகக் காதில் விழுந்ததோடு சரி. விலாசமும் இல்லை, எண்ணும் இல்லை.

சென்ற ஆண்டு மார்ச்சில், அடுத்த பெட்டி அதே நகரத்து ஞாயிறு பள்ளிகளுக்கு என்று கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை அக்கா ஒரு பழைய புத்தகத்தை என் மேசையில் வைத்தார். யோனாவை மீன் விழுங்கிய கதை. எட்டாம் பக்கத்தில் மீனுக்கு யாரோ நீலப் பென்சிலால் மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.

"கிறுக்கல் இருந்தா போகாதும்மா. உனக்குத் தெரியாததா?"

"ஏன் அண்ணா, கண்ணாடி நீங்க மட்டும்தான் போடணுமா? மீனுக்கும் வயசாகாதா?"

"அது பதிவேடு எழுதலையே."

சிரித்தார். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெட்டி கட்டும் நாளில் பதிவேட்டில் 212, பெட்டியில் 213. இரண்டு முறை எண்ணினேன். அடியில் கண்ணாடி போட்ட மீன் கிடந்தது. அதன் லேபிளுக்கு மேல் விளிம்பில் மட்டும்தான் பசை. தூக்கிப் பார்த்தேன். குழந்தை எழுத்தில் மகன் பெயர். அதற்குக் கீழே அக்காவின் போன் நம்பர். சொந்த விவரம் எழுதுவது கிறுக்கலைவிடப் பெரிய குற்றம்.

"என்னம்மா இது?"

"தூக்கினாத்தானே தெரியும்."

"யாரு தூக்கப் போறா?"

சற்று நேரம் பசை டப்பாவை மூடித் திறந்தார்.

"அவன் தூக்குவான் அண்ணா. சின்னதுல வீட்டுல ஒரு மருந்து பாட்டில்லயும் லேபிள் இருக்க விடமாட்டான். எல்லாத்தையும் உரிச்சுடுவான்."

அந்த நகரத்தில் நாற்பத்தொரு ஞாயிறு பள்ளிகள். அவன் மகள் அதில் ஒன்றிலாவது படிக்கிறாளா என்பதே தெரியாது. பதிவேட்டில் 213 என்று எழுதி, நிலை என்ற கட்டத்தில் 'நன்று' என்று போட்டேன்.

பெட்டி போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமைதோறும் பசை டப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய போன் மல்லாந்து கிடக்கும். போன வாரம் அது அடித்தது. பசைக் கையைத் துடைக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார்.

"ரீசார்ஜ் முடியப் போகுதாம்," என்றார் வைத்தபின்.

"போட்டுடு."

"போட்டுடறேன். ஒரு வருஷத்துக்கு." போனில் ஒட்டிய பசையை நகத்தால் சுரண்டினார். "அந்தப் பொண்ணு இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கும்ல அண்ணா?"

"ஆறு முடிஞ்சிருக்குமே. படிக்கும்மா."